பட்டம் இல்லாமல் நிதித்துறைக்குள் நுழைய: சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

நான் பிளஸ் டூ முடித்தபோது அப்பா பனங்காட்டில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருப்பு மண்டியில் பில் போட உட்கார்ந்தேன். இன்று இதே ஊரில் 11 கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பலரிடம் திரட்டிய பணத்தைப் பங்குகளிலும் பத்திரங்களிலும் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளில் ஆட்களைச் சேர்த்துவிடும் விநியோகஸ்தராகவும் இருக்கிறேன். பட்டம் இன்றுவரை கிடையாது. "எப்படிண்ணா?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் பூட்டிய கதவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி கிளார்க், அதிகாரி தேர்வுகளுக்குப் பட்டம் கட்டாயம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்யவும் பட்டம் வேண்டும். இதை மறைத்துவிட்டு உங்களை உற்சாகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடைக் கணக்கு, ஆடிட்டர் அலுவலகம், காப்பீட்டு முகவர், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகம் ஆகிய நான்குக்கும் யாரும் பட்டம் கேட்பதில்லை. ஆச்சரியமாக இருக்கலாம், சிஏ எனும் பட்டயக் கணக்காளர் படிப்பில் சேரவும் பிளஸ் டூ போதும்.

இவற்றில் கணக்கிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அது தெரிந்தவருக்கு மற்றவை தானே பிடிபடும்.

படி 1: கையால் எழுதுங்கள்

தெரிந்தவர் கடை ஒன்றின் ஒரு மாத பில்களை வாங்கி, 40 பக்க நோட்டில் பற்று, வரவு பிரித்து எழுதுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம். யாரிடம் போனது, யாரிடமிருந்து வந்தது என்று கை பழகட்டும். தமிழக அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் தட்டச்சு, சுருக்கெழுத்தோடு கணக்கியலும் இருக்கிறது. அதை எழுதிச் சான்றிதழ் வாங்கி வைத்தால் முதல் வேலைக்கு உதவும்.

படி 2: டேலியும் ஜிஎஸ்டியும்

கடைக் கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைக் காசு கட்டாமலே கல்விப் பயன்பாட்டு முறையில் இயக்கலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். கற்றுக்கொள்ள அது தாராளம். நம் ஊர்ச் சரக்கையே வைத்துப் பழகுங்கள். வெள்ளிக் கொலுசுக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க் கொலுசை ஈரோட்டுக் கடைக்கு விற்றால் மத்திய வரி 1,500, மாநில வரி 1,500 என்று பிரியும். அதே கொலுசு பெங்களூருக்குப் போனால் வெளிமாநில விற்பனை என்பதால் 3,000 ரூபாயும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாகப் போகும். இந்த இரண்டு பில்லையும் தப்பில்லாமல் போடத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

படி 3: வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

சம்பளம் உயர்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்டியில் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு ராத்திரி கணக்கில் 270 ரூபாய் உதைத்தது. எட்டு மணி வரை ஒவ்வொரு பில்லாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. எங்கள் கணக்குப்பிள்ளை ஐயா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஒன்பதால வகுத்துப் பாரு கண்ணு" என்றார். மீதியில்லாமல் வகுபட்டது. "அப்ப எங்கயோ ரெண்டு இலக்கத்த மாத்திப் போட்டிருக்க." பத்து நிமிடத்தில் அகப்பட்டது. 4,960 என்று இருந்த பில்லை 4,690 என்று எழுதியிருந்தேன்.

பக்கத்துப் பக்க இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வகுபடாவிட்டால், வித்தியாசத்தில் சரிபாதித் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பற்றில் போக வேண்டியதை வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகிவிடும். அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கும்.

அடுத்து வங்கிக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒத்துப் பாருங்கள். போட்ட செக் இன்னும் பாஸாகாமல் இருக்கும், வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறியிருக்காது. யூபிஐ வந்த பிறகு நூற்றுக்கணக்கான சில்லறை வரவுகளும் சேர்ந்துகொண்டன. இதை வாரா வாரம் பொறுமையாகச் செய்துகொடுப்பவரை எந்த முதலாளியும் விட மாட்டார்.

படி 4: மியூச்சுவல் ஃபண்ட் விநியோகம்

இதற்கு, செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 5-ஏ தேர்வை எழுத வேண்டும். 100 கேள்விகள், 2 மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தப்பான பதிலுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். பாடப்புத்தகத்தை அவர்களின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். தேறிய பிறகு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்து, ஏஆர்என் என்ற விநியோகஸ்தர் பதிவு எண் வாங்க வேண்டும். சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும்.

வருமானத்தை மட்டும் நிதானமாகக் கணக்குப் போட்டுவிடுங்கள். 2018-ல் செபி கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, பணம் சேர்த்த உடனே மொத்தமாகத் தரும் முன்கமிஷன் கிடையாது. பணம் ஃபண்டில் இருக்கும்வரை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்றுதான் வரும். முக்கால் சதவீதம் என்று வைத்தால், நீங்கள் சேர்த்த 10 லட்சத்துக்கு வருடம் 7,500, மாதம் 625 ரூபாய். இதை நம்பிக் கணக்கு வேலையை விட்டுவிடாதீர்கள். பங்கு டிப்ஸும் கொடுக்காதீர்கள். பதிவில்லாமல் ஆலோசனை விற்பது சட்டப்படி குற்றம்.

வேலை தருகிறோம், முதலில் டெபாசிட் கட்டு, பத்துப் பேரைச் சேர்த்துவிடு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் சித்தி மகன் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்து, சொந்தக்காரர்களின் பணத்தையெல்லாம் கொண்டுபோய்க் கட்டினான். பணமும் போனது, கல்யாண வீடுகளுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

படி 5: ஆடிட்டர் அலுவலகம்

ஒரு வருடக் கணக்கு அனுபவம் இருந்தால் தைரியமாகப் போய்க் கேளுங்கள். அங்கே இருந்துகொண்டே சிஏ-வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம். நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அடுத்த கட்டமான இன்டர் முடித்தால் இரண்டு வருடம் ஆடிட்டரிடம் பயிற்சி, அதற்கு உதவித்தொகையும் உண்டு. சிஏ படிப்பை நடத்தும் ஐசிஏஐ அமைப்பின் கிளை சேலத்திலேயே இருக்கிறது. கடினமான படிப்புதான். ஆனாலும் பட்டறைத் தெருக்களிலிருந்து நிறையப் பேர் இதை எழுத வேண்டும் என்பது என் ஆசை.

போகும் நாளையும் பார்த்துப் போங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு 11, 20 தேதிகளில் வரும். அப்போது போனால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஜூன் மாதம் 22-க்கு மேல் போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வேலை குவியும் என்பதால் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கையால் எழுதிய அந்த நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.