அலுமினிய பாடியைக் கெடுக்கும் தவறுகள்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. அதனால் அது கெடவே கெடாது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையால்தான் காரைக்குடி வட்டாரத்தில் நல்ல பிக்கப் வண்டிகளின் பாடி வீணாகிறது. என் வண்டியும் அப்படிக் கெட்டதுதான்.

எங்கள் முக்கிய லோடு ஆத்தங்குடிக் கற்கள், அதாவது சிமெண்டில் வார்க்கும் தரைக்கற்கள். அச்சில் வார்த்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு காயவைப்பார்கள். ஒருமுறை அவசரத்துக்கு ஈரம் காயாத கல்லை மாலையில் ஏற்றி, மறுநாள் விடிந்த பிறகே இறக்கினோம். கல் இருந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. தேய்த்துக் கழுவியும் போகவில்லை. அழுக்காக இருந்தால்தானே போகும்? அரித்திருந்தது உலோகமே.

அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரை அது நிலைக்கும். ஈர சிமெண்ட் 12-ஐத் தாண்டும்; படலம் கரைந்து, அடியில் உள்ள உலோகத்தைக் காரம் தின்னத் தொடங்கிவிடும். பழைய செட்டிநாட்டு வீடுகளின் பழுதுபார்ப்புக்கு நீற்றிய சுண்ணாம்பு ஏற்றுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கிழிசல் இல்லாத தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பலகை போட்டு ஏற்றுங்கள். சிந்தியதைக் காயவிடாமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கறையைப் போக்க டைல்ஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். காரம் விட்டுவைத்ததை அது முடித்துவிடும்.

அடுத்த தவறு பட்டறையிலேயே தொடங்குகிறது. எனக்கு பாடி கட்டியவர்கள் அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தின்மேல் நேராக வைத்து, சாதாரண இரும்பு போல்ட்டால் முடுக்கிவிட்டார்கள். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறிய பேட்டரி; அதில் கரைவது அலுமினியம்தான். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்தால், துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இடையில் ரப்பர் பட்டையும் நைலான் வாஷரும் வைக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது இரும்புச் சட்டத்தை விட்டுவிடக் கூடாது. அலுமினியத்துக்கு மட்டும் அடித்தால், கீறல் விழுந்த அந்தச் சிறு இடத்திலேயே அரிப்பு முழுவதும் குவிந்துவிடும்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆய்வுத் துறை. அந்த ஊர்ச் சாலையிலேயே இப்படி அரித்த வண்டிகள் ஓடுவதைப் பார்க்க மனம் வேதனைப்படுகிறது.

கல் தூண், அம்மி, ஆட்டுக்கல் போன்றவற்றைத் தூக்கிப் போடுவதும் தவறு. அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். அமெரிக்காவில் 2015 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டிக்கு அலுமினிய பாடி கொடுத்து எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் டீசல் மிச்சமாகும், சரிதான். ஆனால் கருங்கல்லின் கூர்முனை ஒரே இடத்தில் விழுந்தால் தகடு குழிந்துவிடும், கிழியவும் கிழியும். கல்லைப் பலகைமேல் சாய்த்து இறக்குங்கள்.

கம்பி பிரஷ் வேண்டாம். அதன் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து அங்கிருந்தே அரிக்கும்.

கடைசியாக, ரப்பர் மேட்டும் ஈரச் சாக்கும். தொண்டிப் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்தால் உப்புநீர் மேட்டுக்கு அடியில் தங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாரம் ஒருமுறை மேட்டைச் சுருட்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் விடுங்கள். மூலைகளில் உள்ள வடிகால் துளைகளில் மண்ணும் வைக்கோலும் அடைத்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, தண்ணீர் கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள்.