துண்டுத்துணிப் போர்வை: மெஷினில் உட்காருவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

நான் முதன்முதலில் தைத்த துண்டுத்துணிப் போர்வை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, இஸ்திரி மேசைக்கு விரிப்பாக. ஒரு மூலையில் வெள்ளைக் கட்டத்தின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. பக்கத்தில் இருக்கும் சிவப்புத் துண்டு முதல் சலவையிலேயே கக்கிய சாயம் அது. நடுவில் ஒரு பச்சைத் துண்டு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும், அது காட்டன் இல்லை என்பது சூடான இஸ்திரிப் பெட்டி பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடது ஓரம் வலது ஓரத்தைவிட இரண்டு இன்ச் குட்டை. தையல் மட்டும் எங்கேயும் விடவில்லை! அத்தனை மாத உழைப்பும் வீணானதற்குக் முக்கியக் காரணம் தைத்த விதம் இல்லை, மீந்த துணிதானே, காசா பணமா என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் போட்டதுதான்.

துணி சும்மா கிடைக்கிறது, சரி. ஆனால் 60 இன்ச் அகலம், 84 இன்ச் நீளத்தில் ஒரு போர்வையை 3 இன்ச் கட்டங்களாகத் தைத்தால் 560 துண்டுகள் வேண்டும். அதில் நாலே நாலு துண்டு கெட்டதாக இருந்தாலும் மொத்தப் போர்வையும் அந்த நாலுக்காகத்தான் நினைவில் நிற்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாளை மூட்டையைப் பிரித்துத் துணி பார்க்கவே ஒதுக்குங்கள்.

அதிகமாக நடப்பது, எந்தத் துணி எந்த இனம் என்று பார்க்காமல் கலப்பது. காட்டன், ஜீன்ஸ், பனியன் துணி, ஜார்ஜெட், திரைச்சீலைத் துணி எல்லாமே மூட்டையில் இருக்கும், கலரும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஜீன்ஸுக்குப் பக்கத்தில் மெல்லிய வாயில் துணியை வைத்துத் தைத்தால், போர்வையை ஒவ்வொரு முறை இழுத்துப் போர்த்தும்போதும் கனமான துணி மெல்லியதைத் தையலோரமாக அறுத்துக்கொண்டே இருக்கும். ஒரே போர்வையில் ஏறக்குறைய ஒரே கனமுள்ள துணிகளாக வைத்துக்கொள்வது நல்லது. ஜீன்ஸ் நிறைய இருந்தால் ஜீன்ஸுக்கென்றே தனியாக ஒரு போர்வை தைத்துவிடலாம். பனியன் துணியைக் கட்டாயம் வைத்தே ஆகவேண்டும் என்றால் (குழந்தையின் பழைய டீ-சர்ட்டை யாருக்குத்தான் தூக்கிப்போட மனசு வரும்) பின்பக்கம் இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். ஒட்டாமல் வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், தைக்கும்போது இழுபட்டுச் சதுரம் கோணலாகும்.

காட்டனா பாலியஸ்டரா என்று தொட்டுப் பார்த்துத் தெரியவில்லையா? விரல் நீளத்துக்கு ஒரு துணுக்கை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், மிஞ்சும் சாம்பல் தொட்டதும் உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். ஆறும்வரை அதைத் தொடாதீர்கள். வாடை காகிதம் மாதிரி, ஆனால் ஓரத்தில் கெட்டியான பொடி மணிகள் என்றால் இரண்டும் கலந்த துணி. கலப்புத் துணியை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை, இஸ்திரிச் சூட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துணியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இழை நைந்து போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் வலை மாதிரி தெரியும். இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வெடுக்கு இழுங்கள், முணுக்கென்று ஒரு சத்தம் கேட்டாலும் அது போர்வைக்கு ஆகாது. சட்டையில் முழங்கை, கழுத்துப்பட்டை, கக்கத்துப் பகுதிகளை விட்டுவிட்டு முதுகில் இருந்து வெட்டினால் நல்ல துணி கிடைக்கும்.

அடுத்தது சாயம். "பழைய துணிதான், இனிமேல் எங்கே சாயம் போகும்" என்று நானும் நினைத்தவள்தான். அடர்ந்த சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் எத்தனை சலவை கண்டிருந்தாலும் நம்பாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சலவைத் திரவம் விட்டு, சந்தேகமான துணியை ஒரு வெள்ளைத் துணுக்கோடு சேர்த்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளை வெள்ளையாகவே வந்தால் சரி. வரவில்லையென்றால் இன்னும் இரண்டு முறை அலசிப் பாருங்கள், அப்போதும் விட்டால் அந்தத் துணிக்குப் போர்வையில் இடமில்லை. சுருக்கமும் இதோடு சேர்ந்த விஷயம்: புதுக் காட்டன் துணி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும், பலமுறை துவைத்த பழைய துணி கிட்டத்தட்ட சுருங்காது, இரண்டையும் துவைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் சலவைக்குப் பிறகு பழைய துண்டு புடைத்து நிற்கும். உள்ளங்கை அளவுத் துணுக்குகளை மட்டும் வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள், நூல் நூலாகப் பிரிந்து ஒரே சிக்காக வெளியே வரும். வலைப்பையில் போட்டுக் கையால் அலசினால் போதும்.

இனி நிறம். வண்ணமயமாக வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள், ஏனென்றால் எல்லாத் துண்டுமே பளிச்சென்று இருந்தால் எதுவுமே பளிச்சென்று தெரியாது. நாம் சிவப்பா பச்சையா என்று பார்க்கிறோம். தூரத்தில் இருந்து பார்க்கிற கண் முதலில் பார்ப்பது வெளிறியதா அடர்ந்ததா என்பதைத்தான். துண்டுகளைத் தரையில் பரப்பிவிட்டு, போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் மணிக்கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கிய சிவப்பும் பச்சையும் அந்தப் படத்தில் ஒரே சாம்பல் நிறத்தில் படுத்துக்கிடந்தன. வெளிறியது, நடுத்தரம், அடர்ந்தது என்று மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டு, ஒரு துண்டுக்குப் பக்கத்தில் வேறு குவியலில் இருந்து எடுத்து வைத்தாலே வடிவம் தானாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பெரும்பாலான மூட்டைகளில் நடுத்தரம்தான் குவிந்திருக்கும், வெளிறியதுக்குப் பஞ்சம். வெள்ளை, சந்தன நிறம், வெளிர்சாம்பல் என்று கண்ணுக்குப் படும்போதெல்லாம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். பூப்போட்ட துணிகளுக்கு நடுவே பூவே இல்லாத துணியும் வேண்டும். எல்லாமே பூவாக இருந்தால் கண் உட்கார இடமிருக்காது.

இன்னொன்று, பார்க்காமல் பையில் கைவிட்டு வந்ததை வந்தபடி தைப்பது. கேட்க அழகான யோசனை, ஆனால் கை எப்போதும் மேலே கிடப்பதைத்தான் எடுக்கும், கடைசியில் ஒரே சட்டையின் நாலு துண்டுகள் ஒரு மூலையில் கூடிவிடும். தரையில் அடுக்குங்கள், படம் எடுங்கள், ஒருநாள் விட்டுப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொரு வரிசையின் முதல் துண்டிலும் எண் எழுதிய காகிதத்தைப் பின் குத்தி வரிசையாக எடுத்து வையுங்கள். எண் போடாமல் அள்ளியெடுத்து, மறுநாள் திணறிய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. ஒருமுறை பூனையின் உபயம்.

வெட்டுவதில் கவனிக்க வேண்டியது இழை ஓடும் திசை. துணியை நீளவாக்கில் இழுத்தால் அசையாது, அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கும், குறுக்காக, அதாவது கிராஸாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். துண்டு வீணாகக் கூடாது என்று கோணல் மாணலாக வைத்து வெட்டினால் கட்டத்தின் நாலு ஓரமும் கிராஸில் வந்து நிற்கும், அளவு சரியாகவே இருந்தாலும் தைத்து முடிப்பதற்குள் நீண்டுவிடும். முக்கோணங்களில் ஒரு பக்கமாவது கிராஸில்தான் வரும், தவிர்க்க முடியாது. அவற்றுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டு வெட்டுங்கள், துணி அட்டை மாதிரி நின்று சொன்னபடி கேட்கும். நெசவின் கெட்டிக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், அது வேறு விதமாகச் சுருங்கும்.

சரி, இப்போது மெஷினுக்கு வருவோம். என் போர்வை ஒரு பக்கம் குட்டையானதன் கதை இங்கேதான். துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு வெளியே விடும் ஓரம் கால் இன்ச், சுமார் 6 மில்லிமீட்டர். நான் சட்டை தைத்த பழக்கத்தில் கண்மதிப்பாக விட்டுக்கொண்டு போனேன். ஒன்பது சதுரங்கள் உள்ள ஒரு வரிசையில் எட்டு இணைப்புகள். ஒவ்வொரு ஓரத்திலும் வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடினால் ஒரு இணைப்புக்கு மூன்று மில்லிமீட்டர், எட்டுக்கும் சேர்த்து 24, அதாவது ஏறக்குறைய ஒரு இன்ச் காணாமல் போகும். அடுத்த வரிசையில் அதே அளவு தவறினால்கூடப் பரவாயில்லை, ஆனால் கண்மதிப்பு ஒருநாளும் ஒரே மாதிரி தவறாது. ஊசியை இறக்கி, அதன் வலப்பக்கம் சரியாகக் கால் இன்ச் அளந்து, தகட்டின் மேல் காகித டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தச் சின்னச் சுவரில் உரசிக்கொண்டே போகும், கண்ணுக்கு வேலையில்லை. வேலை தொடங்கும் முன் மூன்றரை இன்ச் துண்டுகள் மூன்றை இணைத்து அளந்து பாருங்கள். ஒன்பதரை இன்ச் வந்தால் ஓரம் சரி.

ஊசியைச் சிலர் உடைந்தால்தான் மாற்றுவார்கள். எட்டு மணி நேரம் ஓடிய ஊசி மழுங்கித்தான் இருக்கும், துணியில் டப் டப் என்று கேட்கும் சத்தமே சொல்லிவிடும். காட்டனுக்கு 12 அல்லது 14-ஆம் நம்பர், ஜீன்ஸுக்கு 16.

இஸ்திரியைக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் உடனே இஸ்திரி, அதுவும் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். சட்டை தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் துண்டு வில்லாக வளையும். தையலோரத்தை அடர்ந்த துணியின் பக்கம் மடியுங்கள், வெளிறிய துணிக்கு அடியில் நிழல் தெரியாது. ஒரு வரிசையில் ஓரங்களை எல்லாம் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமும் மடித்தால், வரிசைகளை இணைக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று கொக்கி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இதற்காக ஒன்றிரண்டு இடத்தில் வெளிறிய பக்கம் மடிக்க வேண்டி வந்தால் மடித்துவிடுங்கள், நாலு முனையும் ஒரே புள்ளியில் சந்திப்பதுதான் முக்கியம்.

சுற்றிலும் பட்டை வைக்கிறவர்கள் நீளத் துணியை எடுத்து ஓரமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டுவார்கள். ஓரம் எப்போதும் கொஞ்சம் நீண்டிருக்கும், அதனால் பட்டையும் நீண்டு அலை அலையாக நிற்கும். போர்வையின் நடுவில் டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்குப் பட்டையை வெட்டி, இரு முனையும் நடுவும் பின் குத்திவிட்டுத் தையுங்கள்.

மேல்துணி முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அடித்துணியை அதே அளவுக்கு வெட்டாதீர்கள், நாலு பக்கமும் மூன்று நாலு இன்ச் கூடுதலாக இருக்கட்டும், மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது துணி உள்ளே இழுபடும். உதிரிப் பஞ்சைப் பரப்புவது பெரிய தவறு, சலவைக்குப் பிறகு உருண்டு உருண்டு மூலைக்கு மூலை ஒதுங்கும். போர்வைக்கென்றே விற்கிற பஞ்சு விரிப்போ, துவைத்துச் சுருங்கி முடிந்த பழைய கம்பளியோ போடலாம். விரிப்பின் உறையில் எத்தனை இன்ச் இடைவெளிக்குள் தையல் ஓட வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு உறையை எறியுங்கள். தரையில் அடித்துணியை விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டி (இழுத்துப் பிடிக்காமல், சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும்), மேலே பஞ்சு, அதன் மேல் துண்டுத்துணி, பிறகு கை முஷ்டி அகலத்துக்கு ஒரு ஊக்கு என்று நடுவில் இருந்து வெளியே குத்திக்கொண்டு வாருங்கள். தையலும் நடுவில் இருந்துதான். ஓரத்தில் ஆரம்பித்தால் தொய்வு எல்லாம் நடுவில் வந்து கூடிப் பின்பக்கம் மடிப்பு விழும். கையால் ஓட்டுத்தையல் போடுகிறவர்கள் அடித்துணிக்கு நெருக்கமான நெசவுள்ள படுக்கை விரிப்பை எடுத்துவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் விரல் நுனி கேள்வி கேட்கும்.

ஓர மடிப்புக்கு இரண்டரை இன்ச் பட்டை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைத்தால் ஓரத்தில் இரட்டைத் துணி நிற்கும். போர்வையில் முதலில் நைவது ஓரம்தான், அங்கே ஒற்றைத் துணி தாங்காது. 60-க்கு 84 போர்வைக்குச் சுற்றளவு 288 இன்ச், முனை திருப்பவும் சேர்க்கவும் ஒரு 12 சேர்த்து 300 இன்ச் வேண்டும். பட்டைத் துண்டுகளைக் குறுக்காக இணையுங்கள், நேராக இணைத்தால் ஒரே இடத்தில் முடிச்சு மாதிரி தடிக்கும்.

துவைத்ததும் ஈரப் போர்வையைக் கொடியில் ஒற்றை முனையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், தண்ணீர்க் கனம் மொத்தமும் தையலில் இறங்கும். இரண்டு கொடிகளில் பரப்பிப் போடுங்கள். அப்புறம், மிச்சத் துணுக்குகளில் போர்வையில் உள்ள ஒவ்வொரு துணியிலும் ஒன்றாவது ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். என் இரண்டாவது போர்வையில் நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு மஞ்சள் துண்டு கிழிந்தது, அதே துணியில் ஒட்டுப் போட்டேன். சுற்றியிருப்பவை வெளுத்துவிட்டன, இது மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த முறை துணுக்குகளையும் வலைப்பையில் போட்டுப் போர்வையோடு சேர்த்தே துவைப்பதாக இருக்கிறேன்.