தேசிய சுகாதாரத் திட்டம் எல்லோருக்கும் எட்டுகிறதா என்று பார்ப்பது எப்படி?

தேசிய சுகாதாரத் திட்டம் கைக்குக் கிடைத்தால் முன்னுரையைத் தாண்டிப் போய்விடுங்கள். எந்த நாட்டு முன்னுரையிலும் 'அனைவருக்கும் நலவாழ்வு' இருக்கும். 1978-இல் சோவியத் யூனியனின் அல்மா ஆட்டா நகரில் நடந்த உலக சுகாதார மாநாட்டில் 2000-க்குள் அதைக் கொண்டுவருவதாக நாடுகள் சொன்னன, 2000-ம் வந்து போய்விட்டது.

முதலில் முன்னுரிமைப் பட்டியலையும் பட்ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலில் முதலிடம் நோய்த்தடுப்புக்கு, பணமெல்லாம் பெரிய மருத்துவமனைக் கட்டடத்துக்கு என்றால் விஷயம் புரிந்துவிடும். ஒதுக்கியதோடு நிற்காமல், வருடக் கடைசியில் உண்மையில் எவ்வளவு செலவானது என்றும் தேடுங்கள்.

அப்புறம் சராசரி. தட்டம்மைத் தடுப்பூசி 90 சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நோய் பரவாமலிருக்க 95 சதவீதம் பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும், விடுபட்டவர்களும் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பதில்லை, பெரும்பாலும் சில இடங்களில் குவிந்திருப்பார்கள், நோய் அங்கேதான் கிளம்பும். அதனால் வருமானம், மாவட்டம், ஆண் பெண் என்று பிரித்த கணக்கைக் கேளுங்கள். தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-லேயே எழுதிவிட்டார்.

இதைவிட நல்ல சோதனை, ஒரு நோயை எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடர்வது. ரத்த அழுத்தம் இதற்குத் தோது. நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது இருப்பதே தெரியும், எத்தனை பேர் மாத்திரை எடுக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது? உலக அளவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது, கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர். எந்தப் படியில் ஆட்கள் அதிகம் கழன்றுகொள்கிறார்களோ அங்கேதான் பணம் போக வேண்டும். மருந்தே வந்து சேராத ஊரில் விழிப்புணர்வு முகாம் நடத்தி என்ன பயன்?

மக்கள் மருத்துவத்துக்குத் தங்கள் கையிலிருந்து போடும் காசின் கணக்கில் மட்டும் உஷாராக இருங்கள். குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது பெரும் சுமை என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். ஆனால் காசில்லாமல் மருத்துவமனைப் பக்கமே போகாதவரின் செலவு பூஜ்யம், கணக்கில் அவர் சுமையில்லாதவராகத் தெரிவார்! 'தேவைப்பட்டும் சிகிச்சை பெறாதவர்கள்' என்று தனி எண் இருக்கிறதா பாருங்கள். போக்குவரத்துச் செலவும், மருத்துவமனைக்குப் போன நாளில் இழந்த கூலியும் பல கணக்குகளில் வருவதே இல்லை.

சரி, திட்டத்தைப் பற்றி அரசு நடத்தும் கருத்துக் கேட்புக்கு எழுதுகிறீர்களா? நீளமாக வேண்டாம். மிக ஏழைகளான ஐந்தில் ஒரு பங்கினருக்கு இலக்கு எத்தனை, எந்த ஆண்டுக்குள், எட்டாவிட்டால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார் என்று மட்டும் கேளுங்கள்.