ஏற்காட்டு வெயிலுக்கு ஏற்ற சூரியக் கடிகாரம்: செய்வது எப்படி?

பூங்காவில் சூரியக் கடிகாரம் என்றதும் படுக்கைப் பலகையும் அதன்மேல் முக்கோணத் தகடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஏற்காட்டில் அது வேண்டாம். 11 மணிக்கும் 12 மணிக்கும் உரிய கோடுகளுக்கு இடையே லண்டனில் 12 டிகிரி கிடைக்கும். இங்கே 3 டிகிரிதான். பயணிகள் கூட்டம் சேரும் நேரத்தில்தான் கோடுகள் நெருக்கியடிக்கும். பலகையை வடக்கே உயர்த்திச் சாய்த்து, அதற்கு இணையாக மேலே ஒரு கம்பியைப் பொருத்தும் சாய்பலகையே நமக்குச் சரி.

தேவையானவை: 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள வெள்ளைப் பலகை, 4 மி.மீ. பித்தளைக் கம்பி, 30 செ.மீ.; இரண்டு தாங்கிகள். கடப்பாக்கல் மலிவுதான், ஆனால் கறுப்பில் நிழல் தெரியாது. இரும்புக் கம்பி பனிமூட்டத்தில் துருப்பிடித்துப் பலகையில் கறை இறக்கும்.

1. நடுவில் நீளவாக்கில் 12 மணிக் கோடு போடுங்கள். அதிலிருந்து இருபுறமும் 1.3, 2.9, 5, 8.7, 18.7 செ.மீ. தள்ளி இணைகோடுகள். மேற்குப் பக்கம் 11, 10, 9, 8, 7. கிழக்குப் பக்கம் 1 முதல் 5. காலையில் நிழல் மேற்கே விழும் என்பதை மறந்து எண்களை மாற்றி எழுதுவதுதான் வழக்கமான தவறு.

2. 12 மணிக் கோட்டுக்கு நேர் மேலே கம்பியைப் பொருத்துங்கள். பலகையிலிருந்து கம்பியின் மையம் வரை 5 செ.மீ., இரு முனையிலும்.

3. ரசமட்டம் வைத்துச் சமன்செய்த மேடையில், பலகையின் வடக்கு விளிம்பை 6.1 செ.மீ. உயர்த்துங்கள். ஏற்காட்டின் அட்சரேகையான 11.8 டிகிரிச் சாய்வு இதில் வந்துவிடும்.

4. வடக்கைக் கைபேசித் திசைகாட்டியில் பார்க்காதீர்கள். பக்கத்து இரும்புக் கேட்டே அதைக் குழப்பிவிடும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நூலின் நிழலைக் குறியுங்கள். அதுதான் வடக்கு-தெற்குக் கோடு; 12 மணிக் கோட்டை அதற்கு நேராக வையுங்கள். உச்சி நேரம் பிப்ரவரி 12-ஐ ஒட்டி 12.31 மணி, நவம்பர் 3-ஐ ஒட்டி 12.01. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிழலே இருக்காது.

5. பக்கத்தில் ஒரு திருத்த அட்டவணை வையுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர்கள் 'தப்பா ஓடுது' என்று போய்விடுவார்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, ஏற்காடு 78.2. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 17 நிமிடம் பின்தங்கும். ஆண்டின் போக்கில் சூரியன் உச்சிக்கு வருவது சில நிமிடம் முந்துவதும் பிந்துவதும் சேர்ந்து, நிழல் காட்டும் நேரத்தோடு கூட்ட வேண்டிய நிமிடங்கள்: பிப்ரவரி நடுவில் 31, ஏப்ரல் நடுவில் 17, மே நடுவில் 13, ஜூலை இறுதியில் 24, செப்டம்பர் தொடக்கத்தில் 17, நவம்பர் தொடக்கத்தில் 1.

சில்வர் ஓக் நிழல் விழாத இடமாகப் பாருங்கள். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிறகு என்றாவது நண்பகல் சரியாகவும், காலையில் வேகமாகவும், மாலையில் மெதுவாகவும் காட்டினால், யாரோ கம்பியைப் பிடித்துத் தொங்கி அதைத் தாழ்த்தியிருக்கிறார்கள். 5 செ.மீ. உயரத்தை மறுபடி அளந்து நிமிர்த்துங்கள்.