சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டும்போது புது கேஷியர்கள் செய்யும் தவறுகள்

தீபாவளி கூட்டத்துக்காகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை பில்லிங்கில் உட்காரவைத்ததிலிருந்து, நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காசை வாங்கி எண்ணு, மீதியைச் சரியாகக் கொடு என்பதெல்லாம் முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிடுவார், அதை விடுங்கள். பை நிறைய நாணயத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போது கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போகிறதே, அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எண்ணி முடிக்காமல் கல்லாவில் போடுவது

இதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள், எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்து கவுண்டர். டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சீனி, டீத்தூள் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். பில் 640 ரூபாய். பாலித்தீன் கவரில் ஐந்தும் பத்துமாக வைத்திருந்த நாணயங்களை மேசையில் கொட்டினார். புதுப் பெண் நூறு எண்ணினாள், மேசையில் இடம் வேண்டுமே என்று வழித்துக் கல்லாவில் போட்டாள், அடுத்த நூறு எண்ணினாள், அதையும் போட்டாள். நடுவில் ஒருவர் வந்து, "பாப்பா, இந்த எண்ணெய்க்கு ஆஃபர் இருக்கா?" என்று கேட்க, பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் உள்ளே போனது முந்நூறா நானூறா என்று தெரியவில்லை. அவர் நானூறு என்கிறார், இவள் முந்நூறு என்கிறாள். இரண்டு பேருமே மனதறிந்து பொய் சொல்லவில்லை.

மேலே இருக்கும் கேமராவில் கை உள்ளே போவது தெரியும், கையில் எத்தனை நாணயம் என்று தெரியாது. கல்லாவிலோ காலையில் வைத்த சில்லறையோடு இதுவும் கலந்தாயிற்று. இனி ஒரே வழி, கவுண்டரை மூடிவிட்டு, காலை இருப்போடு அதுவரை போட்ட ரொக்க பில்லைக் கூட்டி, மொத்தக் கல்லாவையும் எண்ணி டேலி பார்ப்பதுதான். அதற்கு முன்னால் எங்காவது ஐந்து பத்து தவறியிருந்தால் அந்தக் கணக்கும் நிற்காது. பின்னால் வரிசை வாசல் வரை நிற்கிறது. கடைசியில் சூப்பர்வைசர் அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டார், இரவு கணக்கில் நூறு ரூபாய் ஷார்ட் விழுந்தது, அதை அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பார்கள். நாலு பேர் முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டதில் அந்த அண்ணனும் அதன் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

முழுத் தொகையும் எண்ணி, அவரும் சரி என்று சொல்லும் வரை ஒரு நாணயம்கூட உள்ளே போகக் கூடாது. பத்துப் பத்தாக அடுக்குங்கள். முதல் அடுக்கை மட்டும் எண்ணி வைத்துவிட்டு, மற்றதை அதன் பக்கத்தில் நிறுத்தி மேலே விரலால் தடவினால் ஒன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய கனமான ஐந்து ரூபாயை மட்டும் தனியாக அடுக்க வேண்டும், இல்லையென்றால் உயரம் ஏமாற்றிவிடும். வாய்விட்டு எண்ணுங்கள், அவர் காதிலும் விழட்டும். நடுவில் யார் கூப்பிட்டாலும், "ஒரு நிமிஷம்ணா." அவ்வளவுதான். கூட்டம் அதிகமென்றால் பில்லை ஹோல்டில் போட்டு, காசை ஒரு டிரேயில் அவர் முன்னாலேயே வைத்து, "அண்ணா, கொஞ்சம் அடுக்கி வையுங்க" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

காய்கறித் தராசில் நிறுத்துக் கணக்குப் போடுவது

பக்கத்திலேயே தராசு இருப்பதால் வரும் ஆசை இது. 1992 முதல் வந்த பழைய ஒரு ரூபாய் எவர்சில்வர் நாணயமும், 2011 வரிசையில் வந்த இரண்டு ரூபாயும் ஒரே 25 மில்லிமீட்டர், ஒரே 4.85 கிராம். கலந்து கிடந்தால் தராசுக்கு எப்படித் தெரியும்? கண்ணே தடுமாறும். எண் இருக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பிரியுங்கள்.

பத்து ரூபாய் காயின் செல்லாது என்பது

செல்லும். ₹ குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலே 10 கோடு இருந்தாலும் 15 கோடு இருந்தாலும் செல்லும். அதுவரை வந்த 14 வடிவங்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதைவிட முக்கியம், பத்துக்கு நடுவே இருபது ரூபாய் நாணயம் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே அகலம். இருபதுக்கு விளிம்பில் 12 பக்கம் இருக்கும்.

உச்சுக்கொட்டுவது

வேண்டாம்.

சட்டம் பேசுவது

2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் 1000 ரூபாய் வரையிலான தொகைக்குத்தான் சட்டப்படி செல்லுபடியாகும், உண்மைதான். அதைப் படித்துவிட்டு 1,200 ரூபாய்க்குச் சில்லறை கொண்டுவந்த பூக்காரம்மாவைத் திருப்பி அனுப்பினான் ஒரு பையன். அதே வாரம் முதலாளி கமிஷன் கொடுத்து வெளியில் சில்லறை வாங்கினார். வாங்குவதா வேண்டாமா என்று அவரைக் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஐம்பது காசைத் தள்ளிவைப்பது

அதுவும் செல்லும், பத்து ரூபாய் வரை. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-இலிருந்து செல்லாது.