சிட்னியில் பாத்ரூமை இடிக்கும் முன்: கோட் (quote) தாளில் சின்ன எழுத்தில் இருப்பது

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. குழாய் ஒழுகினால் ஏஜென்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்கள், மிச்சம் வீட்டுக்காரர் பாடு. மேற்கு சிட்னியில் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் கடனை உடனை வாங்கி முதல் வீட்டை முடித்துவிட்டு, எழுபதுகளில் ஒட்டிய பழுப்பு டைல்ஸைப் பார்த்து “முதல்ல இந்த பாத்ரூமை மாத்தணும்” என்று நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்த வேலையில் என் நண்பர் ஒருவர் பட்ட அவதியை அருகில் இருந்து பார்த்தேன். அவர் பெயர் வேண்டாம், பில்டர் பெயரும் வேண்டாம்.

சட்டப் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நியூ சவுத் வேல்ஸில் கூலி, பொருள், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 5,000 டாலரைத் தாண்டும் வீட்டு வேலையை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். மின்சாரம், பிளம்பிங், கேஸ் வேலைக்கு அந்தத் தொகைக் கணக்கே கிடையாது. எவ்வளவு சின்ன வேலையானாலும் லைசென்ஸ் வேண்டும். அட்வான்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வேலை 20,000 டாலரைத் தாண்டினால் பில்டர் ஹோம் பில்டிங் காம்பென்சேஷன் காப்பீட்டை (அவர் நொடித்தாலோ காணாமல் போனாலோ உங்களைக் காப்பது) எடுத்து, சான்றிதழை உங்களிடம் கொடுத்த பிறகுதான் அட்வான்ஸையே வாங்கலாம். அந்த அளவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் விலக 5 வேலை நாள் உண்டு. லைசென்ஸ் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. லைசென்ஸ் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எந்த வேலைக்கு என்பதையும் பாருங்கள். கிச்சன், பாத்ரூம், லாண்ட்ரி புதுப்பிப்புக்குத் தனி வகையே இருக்கிறது. யூனிட் வாங்கியவர்கள் முதலில் ஸ்ட்ராடாவிடம் (அடுக்குமாடி உரிமையாளர்கள் சங்கம்) போக வேண்டும்; வாட்டர்ப்ரூஃபிங்கைத் தொடும் வேலைக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். மற்ற மாநிலங்களில் தொகைகளும் விதிகளும் வேறு.

இவ்வளவையும் என் நண்பர் ஒழுங்காகச் செய்தார். லைசென்ஸ் சரி, காப்பீடு சரி, அட்வான்ஸ் சரியாக 10 சதவீதம். அப்படியும் மாட்டிக்கொண்டார்.

நம் ஊரில் வீட்டு வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேஸ்திரியிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவோம். லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா என்று முடிவு செய்வோம். மற்றதெல்லாம் “பார்த்துக்கலாம் சார்”தான். அது அங்கே செல்லுபடியாவதற்குக் காரணம் உண்டு. தினமும் யாராவது வீட்டு ஆள் பக்கத்தில் நிற்பார். பாளையங்கோட்டையில் வீடு கட்டியபோது அப்பா ரிட்டையர் ஆகியிருந்தார். காலையில் சைட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது, எத்தனை பிரிந்தது, கொத்தனார் எத்தனை பேர், சித்தாள் எத்தனை பேர் என்று ஒரு நீள நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அந்த நோட்டை வைத்துத்தான் கணக்குத் தீரும். ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னால் மேஸ்திரி தலையைச் சொறிவார், டீ வரும், அதோடு முடிந்தது. அந்த நோட்டை அம்மா இன்னும் பீரோவில்தான் வைத்திருக்கிறாள்.

இங்கே நீங்கள் ரயில் பிடித்து ஆபீஸ் போய்விடுவீர்கள். ஆட்கள் காலை ஏழு மணிக்கு வருவார்கள், மூன்று மணிக்கு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். நீங்கள் வீடு திரும்பும்போது சுவர்தான் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. அதனால் பேச்சு முழுவதும் வேலை தொடங்கும் முன்பே தாளில் நடந்து முடிந்திருக்க வேண்டும்.

சரி, பொறிக்கு வருகிறேன். நண்பருக்கு இரண்டு கோட், அதாவது வேலைக்கு இவ்வளவு ஆகும் என்ற விலைத்தாள், வந்தன. ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதி, ஜிஎஸ்டி சேர்த்து 27,500 டாலர் என்றார். இன்னொருவர் ஒரே பக்கம், 21,800. யாருக்குத்தான் இரண்டாவது பிடிக்காது? அந்த ஒரு பக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது: “டைல்ஸ் – பி.சி. 30. வேனிட்டி (கை கழுவும் தொட்டியோடு அலமாரி) – பி.சி. 450. குழாய், ஷவர் – பி.சி. 380. ஷவர் கண்ணாடி – பி.சி. 650. பிளம்பிங் – பி.எஸ். 1,500.” அடியில், இன்னும் பொடி எழுத்தில்: கூடுதலுக்கு 20 சதவீதம், டைல்ஸ் 300க்கு 600 மில்லிமீட்டர் அளவு வரை, எல்லாத் தொகைக்கும் மேல் ஜிஎஸ்டி தனி.

பி.சி. என்றால் பிரைம் காஸ்ட். பொருளை நீங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் இப்போதைக்கு இந்தத் தொகையைப் போட்டு வைக்கிறேன் என்று அர்த்தம். பி.எஸ். என்பது புரொவிஷனல் சம்: வேலை எவ்வளவு என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்கு ஓர் உத்தேசத் தொகை. இரண்டும் விலை கிடையாது. உண்மையான செலவு அதைத் தாண்டினால் வித்தியாசம் உங்கள் தலையில், அதன் மேல் பில்டரின் சதவீதம், அதன் மேல் 10 சதவீதம் ஜிஎஸ்டி. குறைந்தால் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும்தான். உத்தேசத்தை இவ்வளவு கீழே வைத்தால் எங்கிருந்து குறையும்?

“பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பினார் பில்டர். நண்பரும் மனைவியும் சனிக்கிழமை ஷோரூம் போய், சதுர மீட்டர் 62 டாலருக்கு 600க்கு 1200 டைல்ஸ், 1,350 டாலருக்கு வேனிட்டி, 980க்குக் குழாயும் ஷவரும், 1,450க்குச் சட்டம் இல்லாத கண்ணாடி என்று எடுத்தார்கள். ஆடம்பரம் ஒன்றும் இல்லை, ஷோரூமில் நடுத்தரம் இதுதான். பில்டர் போட்டிருந்த தொகைக்கு அங்கே கிளியரன்ஸ் மூலையில்தான் ஏதாவது கிடைக்கும்.

பில் வந்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். தரைக்கும் சுவருக்கும் சேதாரம் சேர்த்து 25 சதுர மீட்டர், டைல்ஸ் வித்தியாசம் 800. பெரிய டைல்ஸ் பதிக்கக் கூடுதல் கூலி சதுர மீட்டருக்கு 36, அது 900. வேனிட்டி 900, குழாய் 600, கண்ணாடி 800. பிளம்பிங் 4,000 ஆனதால் அங்கே 2,500. மொத்தம் 6,500. இருபது சதவீதம் 1,300, ஜிஎஸ்டி 780. ஆக 8,580. அடிப்படைத் தொகை ஜிஎஸ்டியோடு 23,980 என்பதால் முடிவில் 32,560 டாலர். அந்த “விலை கூடிய” ஆளை விட 5,060 அதிகம். “அண்ணா, எது வேணும்னாலும் எடுங்கன்னு அவர்தானே சொன்னார்?” என்று நண்பரின் மனைவி என்னைக் கேட்டார். சொன்னார்தான். யார் காசில் என்று சொல்லவில்லை. தாளில் எல்லாமே இருந்தது என்பதுதான் எரிச்சல். எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது?

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் கடைக்குப் போங்கள், அப்புறம் கோட் கேளுங்கள். டைல்ஸின் பெயர், அளவு, கழிப்பறைக் கோப்பையின் மாடல், குழாயின் மாடல், வேனிட்டி எத்தனை மில்லிமீட்டர், கண்ணாடி சட்டத்தோடா இல்லாமலா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூன்று பில்டருக்கும் அதே தாளைக் கொடுங்கள். அப்போதுதான் மூன்று விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும். ஏதாவது ஒன்றைப் பிறகு முடிவு செய்கிறோம் என்றால் அந்த பி.சி. தொகைக்கு எந்தப் பொருள் கிடைக்கும், கடையில் காட்டுங்கள் என்று கேளுங்கள். நேர்மையான ஆள் உடனே ஒரு மாடலைச் சொல்வார். பி.எஸ். இருந்தால் எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, எதை மனதில் வைத்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள். கழிப்பறைக் கோப்பையை அரை அடி நகர்த்தினாலே கான்கிரீட் வெட்ட வேண்டி வரலாம். நண்பர் வீட்டில் 1,500 என்பது 4,000 ஆனதும் அதனால்தான்.

எது சேர்ந்திருக்கிறது என்பதைவிட எது சேரவில்லை என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இடித்த குப்பையை யார் எடுப்பது, ஸ்கிப் பின் (வாடகைக்கு வரும் பெரிய குப்பைத் தொட்டி) யார் கணக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், பெயின்ட், கதவு, சிலிகான் வரை. வீடு 1990க்கு முந்தையது என்றால் ஆஸ்பெஸ்டாஸை மறக்காதீர்கள், அதன் தூள் மூச்சில் போனால் ஆபத்து. ஈரம் படும் இடங்களில் டைல்ஸுக்குப் பின்னால் அந்த ஷீட் அடித்திருக்க வாய்ப்பு உண்டு. 10 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் எடுக்க லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும், அந்தச் செலவு அனேகமாக எல்லா கோட்டிலும் “சேராதவை”யில்தான் இருக்கும். இடிப்பதற்கு முன்பே ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்லி லேபுக்கு அனுப்பிவிடுங்கள். சுவரை உடைத்த பிறகு தெரிந்தால் வேலை நின்றுபோகும், பேரம் பேசவும் வழியிருக்காது.

நடுவில் மாற்றம் வரத்தான் செய்யும். ஹால்வேயில் நின்று பேசியது பேச்சுதான், கணக்கு இல்லை. அன்று இரவே ஒரு மெயில் போடுங்கள்: இன்று பேசியபடி சுவரில் ஒரு மாடம் கூடுதலாக, விலை இவ்வளவு, நாள் இத்தனை, சரியா என்று. பதில் வந்த பிறகு வேலை. 20,000 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் மாற்றங்கள் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதை எழுதிக் கேட்டால் இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நமக்குத்தான் கூச்சம்.

அந்தக் கூச்சம் “நம்ம ஆள்” விஷயத்தில் இன்னும் அதிகம். கோயிலில் பார்த்த அண்ணன், பொங்கல் விழாவில் அறிமுகமானவர், வாட்ஸ்அப் குழுவில் யாரோ கைகாட்டியவர். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம், கேஷாகக் கொடுங்கள் என்பார்கள். நல்ல வேலைக்காரர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானே இரண்டு பேரைச் சந்தோஷமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் பில் இல்லாமல் செய்த பாத்ரூமில் அடுத்த வருடம் தண்ணீர் கசிந்தால் எந்தத் தாளைக் காட்டுவீர்கள்? பெரிய குறைகளுக்கு 6 வருடம், மற்றவைக்கு 2 வருடம் என்று சட்டப்படி உத்தரவாதம் இருக்கிறது. என்கேட் (NCAT) என்ற நியூ சவுத் வேல்ஸ் தீர்ப்பாயம் 5,00,000 டாலர் வரை வீட்டு வேலை வழக்கை எடுத்துக்கொள்ளும். அங்கே ஒப்பந்தமும் ரசீதும் கையில் இருந்தால் பேச்சே வேறு. அண்ணனிடமும் தாள் கேளுங்கள். தருபவர் உண்மையான அண்ணன்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிப்போடுங்கள்: இடித்து முடிந்ததும் இவ்வளவு, வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் இவ்வளவு, டைல்ஸ் பதித்ததும் இவ்வளவு. முடியாத வேலைக்கு முன்கூட்டியே கொடுக்காதீர்கள். வாட்டர்ப்ரூஃபிங் பூசிய அன்று, டைல்ஸ் ஒட்டும் முன், மூலைகளையும் வடிகால் வாயையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதைப் பார்க்க முடியாது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் வாட்டர்ப்ரூஃபிங் சான்றிதழ், எலக்ட்ரீஷியனின் சான்றிதழ், பிளம்பரின் சான்றிதழ் மூன்றும் கையில் வர வேண்டும். 

நவம்பரில் யாராவது “கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம்” என்றால் தேதியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். டிசம்பர் மூன்றாவது வாரம் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை இந்த ஊரில் கட்டுமான ஆட்கள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம்தான் என்றால் பிப்ரவரியில் ஆரம்பியுங்கள்.