வெல்ஷ், எபிரேய மொழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

எபிரேயத்தில் தந்தையை ‘அப்பா’ என்றும் தாயை ‘இம்மா’ என்றும் அழைப்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளில், மும்பையின் மாட்டுங்காவில் வளர்ந்த நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தமிழோடு ஒத்துப்போகும் எபிரேயச் சொற்களைப் பட்டியலிடத் தொடங்கினேன். குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகளைக் கொண்டே பெற்றோரைக் குறிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம், அதை வைத்து உறவு கொண்டாட முடியாது என்பது பிறகுதான் விளங்கியது. வேல்ஸ் நாட்டு அறிஞர்களும் இதே வலையில் விழுந்தவர்களே. தங்கள் மொழிக்கும் எபிரேயத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு என்ற எண்ணம் 17ஆம் நூற்றாண்டில் அங்கே வலுவாக இருந்தது. 1632இல் வெளிவந்த ஜான் டேவிஸின் வெல்ஷ் அகராதியிலேயே எபிரேய ஒப்பீடுகள் இடம்பெற்றன.

ஆகவே, ஒப்பீட்டை அழகான சொற்களிலிருந்து தொடங்காமல், எண்ணுப்பெயர்களிலிருந்து தொடங்குங்கள். மும்பைத் தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெல்ஷில் மூன்று ‘த்ரீ’, ஏழு ‘ஸைத்’, ஒன்பது ‘நௌ’. மராத்தி பேசும் பக்கத்து வீட்டாரின் தீன், ஸாத், நவு ஆகியவற்றோடு இவற்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். எபிரேயத்தின் ஷலோஷ், ஷெவா, தேஷா ஆகியவை இந்த வரிசையில் ஒட்டாது. அவை ஒட்டுவது அரபியின் ஸலாஸா, ஸப்ஆ, திஸ்ஆ என்பவற்றோடுதான். முகமது அலி சாலையின் உருதுப் புத்தகக் கடைகளில் காணும் ‘கிதாப்’ (புத்தகம்), ‘மக்தப்’ (பள்ளி) ஆகிய சொற்களில் உள்ள க், த், ப் என்னும் மூன்று மெய்களே, கடைசி மெய் மட்டும் வகரமாக ஒலிக்க, எபிரேயத்தின் ‘கதவ்’ (எழுதினான்), ‘மிக்தாவ்’ (கடிதம்) ஆகியவற்றிலும் இருக்கின்றன. வெல்ஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளை, எபிரேயமோ அரபியும் சேர்ந்த செமிட்டிக் குடும்பம். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றின் பொது மூலத்தைப் பற்றி 1786இல் கொல்கத்தாவில் பேசியபோது கெல்டிக்கையும் அதில் சேர்த்துக்கொண்ட வில்லியம் ஜோன்ஸின் தந்தை வேல்ஸ்காரர் என்பது உபரிச் செய்தி.

குடும்பம் வேறு என்று தெளிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது, ஏனெனில் வாக்கிய அமைப்பில் இவ்விரு மொழிகளும் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகின்றன. விவிலியத்தின் முதல் வாக்கியத்தில் எபிரேயம் ‘பாரா எலோஹிம்’ என்றும் வெல்ஷ் ‘கிரயோத் தியூ’ என்றும், அதாவது ‘படைத்தார் கடவுள்’ என்று, வினையை எழுவாய்க்கு முன்னே வைக்கின்றன. தமிழிலோ ‘சிருஷ்டித்தார்’ கடைசியில்தான் வரும். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வில்லியம் மோர்கன் 1588இல் வெளியிட்ட வெல்ஷ் விவிலியம் எபிரேய மூலத்தைப் பார்த்துச் செய்தது என்பதால், மொழிபெயர்ப்பை மட்டும் சான்றாகக் கொள்ளாமல் இயல்பான வெல்ஷ் உரையாடலையும் பாருங்கள். மேலும், இன்றைய எபிரேயத்தில் எழுவாய் முன்னே வருவதே பெருவழக்கு. எந்தக் காலத்து எபிரேயம் என்பதை ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் குறித்து வையுங்கள்.

கிடைக்கும் ஒவ்வோர் ஒற்றுமையையும் தமிழிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இரு மொழிகளிலும் உடைமையைக் குறிக்கத் தனி வினை இல்லை. ‘என்னிடம் பூனை இருக்கிறது’ என்பது போலவே சொல்வார்கள். தமிழிலும் இந்தியிலும் அப்படியேதான் என்பதால் இதற்குப் பெரிய மதிப்பெண் கொடுக்க வேண்டாம். ‘வீட்டின் கதவு’ என்பதற்கு வெல்ஷில் ‘ட்ரூஸ் அ டீ’, எபிரேயத்தில் ‘தெலெத் ஹபாயித்’. இரண்டிலும் கதவு முன்னே, வீடு பின்னே, ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற உருபு வீட்டுக்கு மட்டும். ‘என்மேல்’ என்பது வெல்ஷில் ‘அர்னவ்’, எபிரேயத்தில் ‘அலாய்’. ‘அவள்மேல்’ என்பது ‘அர்னி’, ‘அலெஹா’. ‘மேல்’ என்னும் பொருளில் முன்னே வரும் இடைச்சொல்லே வினையைப் போல ஆளுக்கு ஆள் விகுதி ஏற்கிறது. தமிழில் இல்லாத இவைதாம் ஆராயத் தக்கவை. கெல்டிக்குக்கு முன் பிரிட்டனில் எபிரேயத்துக்குத் தூரத்து உறவான வட ஆப்பிரிக்க மொழிகளை ஒத்த ஒரு மொழி வழங்கியிருக்கலாம் என்று வெல்ஷ் அறிஞர் ஜான் மோரிஸ்-ஜோன்ஸ் 1900இல் வாதிட்டார். அப்படியொரு மொழியின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. வினையை முன்வைக்கும் மொழிகளில் இத்தகைய பண்புகள் சேர்ந்தே வருவது இயல்பு என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஒலி மாற்றத்தில் கூடுதல் நிதானம் தேவை. வெல்ஷில் பூனை ‘காத்’. ‘அவனுடைய’, ‘அவளுடைய’ ஆகிய இரண்டுமே ‘இ’ என்றுதான் ஒலிக்கும். ஆனால் அவனுடைய பூனை என்றால் ககரம் ‘தங்கம்’ என்பதில் போல மெலியும், அவளுடைய பூனை என்றால் தொண்டையில் உரசும். யாருடைய பூனை என்பதை அந்த முதல் மெய்தான் சொல்கிறது. ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ ஆகிய இரண்டுக்கும் இடையில் ஓர் ஒற்று பணியையும் ஆயுதத்தையும் பிரித்துக் காட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. எபிரேயத்தில் ‘கதவ்’ என்பதன் முதல் மெய், ‘யிக்தோவ்’ (எழுதுவான்) என்னும்போது உயிரொலிக்குப் பின் வருவதால் உரசொலியாகிறது. ‘கல்’, ‘அகல்’ ஆகியவற்றின் ககர வேறுபாட்டைப் போல, இது முழுக்க ஒலிச்சூழலால் வருவது. இரண்டையும் குறிப்பேட்டில் ஒரே வகையாகச் சேர்த்து எழுதுவது பெரும் பிழை. நம் எழுத்தில் ஒரே ககரம் இத்தனை ஒலிகளுக்கும் நிற்பதால், குறிப்பேட்டில் பன்னாட்டு ஒலியெழுத்தைப் பயன்படுத்துங்கள்.

அகராதியைப் புரட்டும்போது இரு மொழிகளிலும் சொல்லின் முதலெழுத்தை நம்பாதீர்கள். வெல்ஷில் ‘என் பூனை’ என்பதில் ககரம் மூக்கொலியாக மாறியிருக்கும், ஆனால் சொல் ககரத்தின் கீழேதான் கிடைக்கும். எபிரேயத்தில் ‘ஹ’, ‘பெ’, ‘வெ’ போன்ற ஒட்டுகளை முதலில் கழற்ற வேண்டும். எபிரேய எழுத்துகளை நேரில் காண, 1884இல் கட்டப்பட்ட மும்பை காலா கோடாவின் யூத ஜெப ஆலயத்துக்குச் சென்று வரலாம்.

எபிரேயத்திலிருந்து வெல்ஷுக்கு ஐயமின்றி வந்த ஒரு சொல்லையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலில் குடியேறியவர்களுக்கு எபிரேயம் கற்பித்த தீவிர வகுப்பின் பெயர் ‘உல்பான்’. 1970களில் வேல்ஸில் வயதுவந்தோருக்கு வெல்ஷ் கற்பிக்க அம்முறையைப் பெயரோடு எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் ‘டபிள்யூ’ என்னும் எழுத்து வெல்ஷில் உகர உயிர் என்பதால், அச்சொல்லை அவர்கள் எழுதுவது அந்த எழுத்தில் தொடங்கித்தான்.